முதல் வண்டி: மல்லசமுத்திரத்திலும் யாழ்ப்பாணத்திலும்

மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு கல்லூரியும் வண்டியும்தான். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் பஸ் இருக்கிறது. இருந்தாலும் தறிக்கு நூல் எடுத்துவர, தோட்டத்துக்குப் போய்வர, பருத்தி ஏலத்தில் என்ன விலை போகிறது என்று பார்த்துவர வீட்டுக்கு ஒரு வண்டி வேண்டும். யாழ்ப்பாணத்திலும் முதல் மோட்டார் சைக்கிள் வீடு முழுவதற்கும் உழைக்கிற வண்டிதான். அங்கே ஓடுபவற்றில் பெரும்பகுதி இங்கிருந்து போகும் பஜாஜ், டிவிஎஸ், ஹீரோ. வண்டி ஒன்றாக இருந்தாலும் அதை வாங்கும் விதமும், வாங்கியவர் ஓட்டப் பழகும் விதமும் இரண்டு ஊரிலும் வேறு. அதில் நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

இங்கே வண்டி வாங்குவது சுலபம். ஆதார், பான், பாஸ்புக் கொண்டுபோனால் ஷோரூமிலேயே கடன் முடிந்துவிடும். முன்பணம் கொஞ்சம், மீதிக்கு மாதா மாதம் டியூ. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் விலையும் இறங்கியது. ஆனால் ஷோரூமில் தரும் ‘ஆன்ரோடு’ விலைச் சீட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி உயர்ந்து, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் ஆனது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டு இன்சூரன்ஸ் கட்டாயம். இந்த ஐந்தாண்டு எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான். நம் வண்டிக்கான காப்பு பெரும்பாலும் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். இது தெரியாமல் ஐந்து வருடமும் எல்லாவற்றுக்கும் கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம். இத்தனை காகிதத்துக்கு நடுவே ‘உனக்கு ஓட்டத் தெரியுமா, லைசென்ஸ் இருக்கிறதா’ என்று கேட்பவர் அபூர்வம். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இலங்கையில் சாவி அவ்வளவு எளிதில் கைக்கு வருவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்தாண்டில் பதினெட்டு வயதைத் தொட்ட ஒரு பிள்ளைக்கு அநேகமாகப் பழைய வண்டிதான் வழி. அதன் விலையோ, முன்பு புதிதாக வாங்கியபோது கொடுத்ததைத் தாண்டிப் போனது. பெரும்பாலும் லீசிங் கடன்தான். போர் முடிந்தபின் வடக்குக்கு வந்த லீசிங் கம்பனிகளால் கடனில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. நம்மூர் பைனான்ஸ்காரர்களை அறிந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வாங்கிய பிறகும் ஆண்டுதோறும் காப்புறுதி கட்டி, புகைப் பரிசோதனை முடித்து, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் என்ற ஆண்டு வரிச் சீட்டு எடுக்க வேண்டும். நாம் ஆயுளுக்கு ஒரே தடவை வரி கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த ஒன்றில் நம் முறையே மேல்.

2022-இல் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றபோது பெட்ரோலை அளந்து கொடுக்கக் கியூ.ஆர். முறை வந்தது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர் பெட்ரோல் என்று தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்குப் பெட்ரோல் தட்டுப்பாடு புதிதல்ல. 1990-களில் பொருளாதாரத் தடை இருந்தபோது அவர்கள் எம்.டி. 90 வண்டியையும் ‘சாலி’யையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு விட்டு, உதைத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரி பிடித்து வழியில் நின்றுவிடும். கழற்றித் துடைத்துப் போட்டால் மறுபடி ஓடும். அப்படிப் பழகியவர்களுக்கு வண்டியின் ஒவ்வொரு பாகமும் கைக்குத் தெரியும். அந்தப் பழக்கம் அவர்கள் பிள்ளைகளிடமும் ஓரளவு தங்கியிருக்கிறது.

புது வண்டியைச் சாமிக்குக் காட்டுவதில் மட்டும் இரண்டு ஊருக்கும் வித்தியாசமில்லை. இங்கே காளிப்பட்டி கந்தசாமி கோயிலில் பூசை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அங்கே ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய், பிறகு ஒரு பை வறுத்த கச்சான் (நிலக்கடலை).

நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது லைசென்ஸ் முறையை. இலங்கையில் எல்லோரும் முதலில் மருத்துவச் சான்றிதழ் பெற வேண்டும். இங்கே நாற்பது வயதுக்கு உட்பட்டவர் ‘நான் நலமாக இருக்கிறேன்’ என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும். அங்கே எழுத்துப் பரீட்சை முடிந்து, ‘எல்’ பலகையோடு சில மாதம் பழகிய பிறகுதான் ஓட்டிக் காட்டும் பரீட்சை. இங்கே எல்.எல்.ஆர். போட்ட 30 நாளில் அதற்குப் போகலாம். அங்கே 100 சி.சி. வரை ஒரு வகுப்பு, அதற்கு மேல் வேறு வகுப்பு. இங்கே கியர் உண்டா இல்லையா என்பதே கணக்கு. 100 சி.சி. வண்டியில் தேறிய பையன் மறுநாளே 350-இல் ஏறலாம்.

பதினாறு வயதில் கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் உண்டே என்று சிலர் கேட்பார்கள். அது 50 சி.சி.க்குள் இருந்தால்தான். தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கும் எக்ஸ்.எல். 100-க்கு அது செல்லாது. மீறினால் 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

நம் தேர்வே எட்டுப் போடுவதுதான். கால் தரையில் படாமல் எட்டு வடிவில் ஓட்ட வேண்டும். முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்து, வண்டி போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி தானே வளையும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் கால் ஊன்றிவிடும். நல்ல பயிற்சிதான். ஆனால் ஆள் நடக்கிற வேகத்தில் விழாமல் இருப்பதை மட்டும்தான் அது சோதிக்கிறது. அறுபதில் போகும்போது ஆடு குறுக்கே வந்தால் எப்படி நிறுத்துவது என்பதை அது கேட்பதே இல்லை. ‘முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்’ என்றே இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது தவறான பாடம். பிரேக் போட்டதும் எடை முன்னால் பாய்கிறது. அப்போது தரையைப் பிடிப்பது முன் டயர்தான். மணலிலும் ஈரத்திலும் மட்டும் மெதுவாக. நேரான தார்ச் சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். சிறிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் கூட்டு பிரேக் கட்டாயமானதற்குக் காரணமும் இதுதான்.

இந்தியாவில் 2022-இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். இலங்கையிலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் சாகிறார்கள். அங்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் நிறைய. ஆகவே சில மாதம் காத்திருந்தால் மட்டும் போதாது. அந்த மாதங்களில் என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

நம்மூரில் அதற்கு வேறெங்கும் இல்லாத வசதி இருக்கிறது. திருச்செங்கோடு போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் ஊர், நாமக்கல் லாரிகளின் ஊர். வீட்டுக்கு ஒருவராவது ஸ்டீயரிங் பிடித்தவர் இருப்பார். புது வண்டி வாங்கும் பிள்ளையை முதலில் நிற்கிற லாரியின் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைக்கச் சொல்லுங்கள். இடது பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி, இன்னொருவர் பைக்கோடு நிற்கட்டும். கண்ணாடியில் அந்த பைக் தெரிகிறதா என்று அவன் பார்க்கட்டும். லாரி இடதுபுறம் திரும்பும்போது பின் சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டி வருகிறது என்பதையும் சித்தப்பாவோ மாமாவோ வெறும் திடலில் ஒருமுறை ஓட்டிக் காட்டினால் போதும். பிறகு அவனே இறங்கி வந்து முன் பிரேக்கைப் பழகட்டும்.