5154 பெயர்களில் ஒரு பெயர்

2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து, செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை 33 பக்கம். ஆய்வு 9 பக்கம்தான். மிச்சம் 24-லும் 5154 ஆசிரியர்களின் பெயர்களும் நிறுவனங்களும். யார் என்ன செய்தார் என்று ஒரு வரி கிடையாது.

கருவி கட்டியவர் பெயரும் வரவேண்டும், நியாயம்தான். ஆனால் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தத்தில் உட்கார்ந்து தரவைச் சலித்துச் சரிபார்த்த இளம் ஆய்வாளர், அடுத்த வேலைக்கு எதைக் காட்டுவார்? மூத்தவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்தைத்தான். எல்லோரும் சமம் என்கிற பட்டியல் கடைசியில் பெரியவர்கள் கையைத்தான் பலப்படுத்துகிறது. நான் கேட்பது இதுதான்: பெயர்களுக்கு 24 பக்கம் ஒதுக்க முடிந்தால், பக்கத்திலேயே செய்த வேலையை நாலு வார்த்தையில் எழுத இடமா இல்லை?