ஒரே ஒரு 'டக்'

ஜான் வீகண்ட் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பியானோ வாசிக்கவும் சேர்ந்திசை நடத்தவும் படித்தவர். அவர் செய்த கம்பியில் ஓர் இசைக்காரரின் பொறுமை தெரிகிறது. கோபால்ட், இரும்பு, வனேடியம் கலந்த விக்கலாய் உலோகத்தைக் கால் மில்லிமீட்டர் கம்பியாக இழுத்து, விறைப்பாகப் பிடித்தபடியே இப்பக்கமும் அப்பக்கமும் மாறி மாறி முறுக்கினார். முறுக்கு மேற்பரப்பைத்தான் அதிகம் வாட்டும். நடுவை அவ்வளவாகத் தொடாது. ஆகவே ஒரே கம்பியில் இரண்டு குணங்கள்: தன் காந்தத் திசையை எளிதில் விடாத வெளிப்புறம், சட்டென்று புரளும் உள்தண்டு. 1974-இல் காப்புரிமை கிடைத்தது.

சாதாரண இரும்பின் மேல் சுருளைச் சுற்றி, பெருக்கி வழியாக ஒலிபெருக்கியில் இணைத்துக் காந்தத்தை மெல்ல நெருக்கினால், காய்ந்த சருகை மிதித்ததுபோலச் சரசரக்கும். உள்ளே இருக்கும் நுண்ணிய காந்தப் பகுதிகள் ஆங்காங்கே திசைமாறும் ஒலி அது. 1919-இல் இயற்பியலாளர் பார்க்ஹௌசன் கண்டறிந்தது. வீகண்ட் கம்பியிலோ ஒரே ஒரு 'டக்'! அந்தத் துடிப்பு சுமார் பத்து மைக்ரோ வினாடிதான். காந்தம் பாய்ந்து வந்தாலும் ஊர்ந்து வந்தாலும் அதன் உயரம் ஏறக்குறைய மாறாது. மின்கலம் இல்லாமலே சுழற்சியை எண்ணும் மீட்டர்களில் இது உழைக்கிறது.

புரளத் தொடங்கிய தண்டு ஏன் பாதியில் நிற்பதில்லை? இரண்டு காந்தத் திசைகளில் ஒன்றில் மட்டுமே நிலைகொள்ளும் இத்தகைய இருநிலைக் கம்பிகளில் புரளலைத் தொடங்கிவைக்கப் பெரிய காந்தப் புலம் வேண்டும். தொடங்கியது ஓடச் சிறிய புலம் போதும். எனவே ஓரிடத்தில் எதிர்த்திசைப் பகுதி பிறந்ததும் அதன் எல்லைச் சுவர் மறுகோடி வரை ஓடிவிடுகிறது. 1931-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் சிக்ஸ்டஸும் டாங்க்ஸும், இழுத்துக் கட்டிய நிக்கல்-இரும்புக் கம்பியில் இரண்டு சுருள்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டிலும் துடிப்பு வந்த நேர இடைவெளியால் அந்தச் சுவரின் வேகத்தை அளந்தார்கள். கண்ணால் காண முடியாத ஓட்டத்துக்கு இரண்டு சுருள் போதுமானதாக இருந்தது. இயற்பியலில் நான் மிகவும் மதிக்கும் சோதனைகளில் இது ஒன்று.

அதே 1930-களில் சிதம்பரத்தில், சி.வி. இராமனின் மாணவரான எஸ். ராமச்சந்திர ராவ் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோகத் துகள்களின் காந்தப் பண்பை அளந்துகொண்டிருந்தார். இசையும் இயற்பியலும் கற்பிக்கப்படும் வளாகம் அது. அங்குள்ள ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: இருநிலைக் கம்பி ஒன்றை வாங்கி இந்த ஒலிச் சோதனையைச் செய்து காட்டுங்கள், இசை மாணவர்களையும் கூப்பிடுங்கள். சரசரப்பையும் 'டக்'கையும் அடுத்தடுத்துக் கேட்கவிட்டு, பிறகு கரும்பலகைக்குப் போங்கள்.