இல்லாத ஊரைப் பார்க்க தேக்காவில் பழகுங்கள்

நகரம் கட்டும் கணினி விளையாட்டில் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஓர் ஊரை உருவாக்குகிறார். அதற்குப் பெயர் வைக்கிறார், வரலாறு எழுதுகிறார், படமெடுத்து அதே விளையாட்டில் பித்துப் பிடித்த மற்றவர்களுக்குக் காட்டுகிறார். பார்ப்பவர்களோ ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். இதில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததுதான் காரணம். சிங்கப்பூரில் இருப்பவர் இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. காகிதத்தில் வரைந்து தரையில் எழுப்பிய நகரத்தில் வசிக்கிறோம். அதற்கு நடுவிலேயே யாரும் வரையாமல் வளர்ந்த தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, என்ற பேட்டை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கற்பனை ஊரின் தரம் சீக்கிரம் பிடிபடும்.

விளையாட்டே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1984இல் அமெரிக்கர் வில் ரைட், ஹெலிகாப்டரிலிருந்து தீவுகள்மேல் குண்டு போடும் விளையாட்டு ஒன்றைச் செய்தார். குண்டு போடுவதைவிட அந்தத் தீவுகளில் சாலையும் கட்டடமும் வைப்பதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. அந்த ஆசையில் பிறந்தது 1989இல் வெளிவந்த சிம்சிட்டி. 2003இல் வந்த சிம்சிட்டி 4-ஐ ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் விடவில்லை. 2015 மார்ச்சில், பின்லாந்தைச் சேர்ந்த கொலோசல் ஆர்டர் என்ற சின்ன நிறுவனம் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாட்டைக் கொண்டுவந்தது. 2023 அக்டோபரில் அதன் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு கட்டடத்தையோ பேருந்தையோ வடிவமைத்து ஸ்டீம் வொர்க்‌ஷாப் என்ற இணையப் பகிர்தளத்தில் போடலாம். மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாம். நம்மூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கும் பேருந்தும் பின்லாந்து விளையாட்டுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

இரவில் விளக்குகள் மினுங்க, தண்ணீரில் பிம்பம் விழ நிற்கும் வானளாவிகளின் படம்தான் எல்லாரும் முதலில் காட்டுவது. அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மரினா பே மாதிரி ஒரு முகப்பை விளையாட்டில் எழுப்புவது இருப்பதிலேயே சுலபமான வேலை: கடலைத் தூர்த்த காலி நிலம், நாலு பெரிய கட்டடம், சூரியன் மறையும் நேரம். ஊரை மேலிருந்து செங்குத்தாகக் காட்டும் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். சாலைகளைப் பாருங்கள். ஏதாவது ஒரு சாலை கட்டத்தை மீறி வளைந்து போனால், அது ஏன் வளைகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறா, பழைய வண்டிப்பாதையா, ஒரு காலத்தில் அங்கே நின்ற எதையோ சுற்றிக்கொண்டு போனதா? ஊரைக் கட்டியவரிடம் பதில் இருந்தால் நல்ல ஊர். அழகுக்காக வளைத்தேன் என்றால், பொறுமையாக அடுத்த மூலையைப் பாருங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை. 1822இல் ராஃபிள்ஸின் உத்தரவில் லெஃப்டினன்ட் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் ஆற்றின் மேற்பக்கம் சூலியா கம்பம். லிட்டில் இந்தியா அந்தப் படத்தில் கிடையாது. 1843இல் இப்போதைய ஃபேரர் பார்க் பக்கம் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரிகள் வந்தார்கள், பட்டிகள் வந்தன, செங்கல் சூளைகள் இயங்கின. மாட்டோடும் சூளையோடும் வந்த ஆட்களுக்குச் சோறும் துணியும் கோயிலும் தேவைப்பட்டன. பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது, மாடும் போய்விட்டது. ரேஸ் கோர்ஸ் ரோடு, பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பந்தயத் திடல் வெகுகாலம் விளையாட்டு மைதானமாக இருந்து, இப்போதுதான் வீவக வீடுகளுக்கு இடம் கொடுக்கிறது.

கற்பனை ஊரிலும் தேட வேண்டியது இப்படி எஞ்சி நிற்பவற்றைத்தான். கெட்டிக்காரர்கள் ஊரைக் கட்டும்போதே அதற்குள் இல்லாமல் போனவற்றையும் கட்டுகிறார்கள். மூடிய ரயில் பாதை பூங்காவாகிக் கிடக்கும். பழைய துறைமுகக் கிடங்கு உணவகமாக மாறியிருக்கும். புது விரைவுச்சாலை பழைய குடியிருப்பை வெட்டிக்கொண்டு போன இடத்தில் பாதித் தெரு முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையில் நின்று எத்தனை காலம் கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தேக்காவில் அதை நேரில் செய்யலாம்: கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு, கொஞ்சம் தள்ளி 1982இல் சாலையின் மறுபக்கத்திலிருந்து இடம் மாறி வந்த தேக்கா சந்தை, அதை ஒட்டி வீவக புளோக்குகள், எல்லாவற்றுக்கும் கீழே 2003இல் ஓடத் தொடங்கிய வடகிழக்குத் தடம். நாலு தலைமுறையும் சில நிமிட நடையில்.

லிட்டில் இந்தியாவையோ அதுபோன்ற ஒரு பேட்டையையோ யாராவது விளையாட்டில் கட்டிக் காட்டினால் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாட்டில் நிலம் எட்டு மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கட்டடங்கள் அந்தச் சதுரக் கணக்கில்தான் முளைக்கும். நம் கடைவீட்டின் முகப்பு ஐந்தாறு மீட்டர்தான். அதனால் கடைவீடுகள் தானாக வரிசையில் ஒட்டி நிற்காது. இடையில் பல் விழுந்த மாதிரி சந்து விடும். ஒட்டி வைக்க வேண்டுமென்றால் ‘மூவ் இட்’ என்ற ‘மாட்’ (ரசிகர்கள் எழுதும் கூடுதல் நிரல்) ஒன்றைப் போட்டு ஒவ்வொரு கட்டடத்தையும் கையால் நகர்த்த வேண்டும். லேசாக வளையும் தெரு என்றால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவும் வேண்டும். 2022இல்தான் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் கட்டடங்களுக்கென்று தனி மண்டலம் கூடுதல் தொகுப்பு ஒன்றில் வந்தது.

அடுத்தது ஐந்தடிப் பாதை. கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டிருக்க, அதன் நிழலில் மக்கள் நடப்பது ராஃபிள்ஸ் காலத்திலேயே விதியாக எழுதப்பட்டது. விளையாட்டு மனிதர்களுக்கு இந்த விதி தெரியாது. சாலையோர நடைபாதையில்தான் நடப்பார்கள். கட்டடத்துக்கு அடியில் நுழைய மாட்டார்கள். அவர்களை உள்ளே கொண்டுவர, கண்ணுக்குத் தெரியாத பாதை ஒன்றைத் தூண்களுக்குப் பின்னால் போட வேண்டும். படத்தில் தூண்களின் நிழலில் ஆட்கள் நடமாடுவது தெரிந்தால், அந்தப் பாதையை யாரோ பொறுமையாக இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். வானளாவிக்குக் கைதட்டுபவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். நீங்கள் கவனித்து இரண்டு வரி எழுதினால் போதும், கட்டியவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

வீவக பேட்டைகளுக்கு வேறு கண் வேண்டும். புளோக்குகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் நீண்ட பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்த்திருக்கும், சாயங்கால வெயில் வீட்டுக்குள் இறங்கக் கூடாது என்பதற்காக. அதைக் கவனிக்காமல் வரைபடத்துக்கு அழகாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் மேற்கு பார்க்க வைத்தவர், மேற்கு பார்த்த வீட்டில் மே மாதம் குடியிருந்து பார்த்ததில்லை. புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கூரை போட்ட நடைபாதை இருக்கிறதா? சுவரில் எழுதிய புளோக் எண்கள் மனம்போன போக்கில் வைத்தவையா, அல்லது அங் மோ கியோவில் இருப்பதுபோல முதல் இலக்கம் அக்கம்பக்கத்தைக் காட்டுகிறதா? காப்பிக்கடையும் மழைநீர்க் கால்வாயும் வந்துவிட்டால் அந்த ஊரைக் கட்டியவர் இங்கே வளர்ந்தவர் என்று பந்தயமே கட்டலாம். இன்னொரு சின்னச் சோதனை: வண்டிகள் இடப்பக்கம் போகின்றனவா? புது ஊர் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம் அது. மறந்துபோய் வலப்பக்கம் ஓடவிட்டவர்களின் ‘சிங்கப்பூரை’ப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் தலை சுற்றும்.

அளவு சரியில்லை என்று மட்டும் குறை சொல்லாதீர்கள். முதல் பாகத்தின் வரைபடம் பக்கத்துக்கு 17.28 கிலோமீட்டர், மொத்தம் 300 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கப்பூரின் நிலப்பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்கு மேல். சின்னச் சிவப்புப் புள்ளி என்று கேலி செய்யப்பட்ட நம் தீவு விளையாட்டுக்குள் அடங்காது. எனவே முழுத் தீவையும் செய்பவர் சுருக்கித்தான் ஆக வேண்டும். எதைச் சுருக்கினார், எதைச் சுருக்க மனம் வரவில்லை என்பதில்தான் அவர் யார் என்று தெரியும். ஜூரோங் தொழிற்பேட்டையை நாலு தெருவாக்கிவிட்டு, தான் படித்த பள்ளியைச் சுற்றி ஒவ்வொரு மரத்தையும் வைத்திருப்பார்கள்.

போக்குவரத்து 90 சதவீதம் தடையில்லாமல் ஓடுகிறது என்று பெருமை பேசுபவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம். இந்த விளையாட்டில் நெரிசலில் அதிக நேரம் சிக்கிய வண்டி தானாக மாயமாகிவிடும். மாட் போட்டு அந்தச் சலுகையை நிறுத்தியபின் கிடைத்த 90தானா? ஆம் என்றால் எழுந்து நின்று வணக்கம் சொல்லுங்கள்.

திறமை மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மக்னசாந்தியைப் பாருங்கள். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் ஒருவர் சிம்சிட்டி 3000 விளையாட்டில், ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டு அறுபது லட்சம் பேரை அடைத்த நகரம் அது. இன்றைய சிங்கப்பூர் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுதான். சாலையே கிடையாது, சுரங்க ரயில் மட்டும். எங்கு பார்த்தாலும் ஒரே வார்ப்பு. மனிதர்கள் ஐம்பதைத் தாண்டுவதே அரிது. அப்படி ஒரு நகரத்தைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதற்காகவே அவர் அதைக் கட்டினார். சாதனை என்ற வகையில் அசர வைக்கும். ஆனால் கண்ணை நிறுத்தி ஒரு தெருவைப் பார்க்க முடியாது.

அதற்கு எதிர்முனையில், தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடிகள் போகும்போது வண்டிகள் வழி விட்டாக வேண்டும். கற்பனை ஊர்க்காரரிடம் கேட்கத் தகுந்த கேள்வி இது: உங்கள் ஊரில் திருவிழா வந்தால் எந்தத் தெருவை அடைப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டம் கூடும்? வாரம் முழுக்க கட்டுமானத்தில் உழைத்த ஆட்கள் நண்பனைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப, சாப்பிட எந்த முனையில் நிற்பார்கள்? வெறும் விளையாட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று தனியாகக் கிடையாது. ‘ரியல் டைம்’ என்ற மாட்தான் வார இறுதியைக் கொண்டுவருகிறது. ஆனால் கூட்டம் கூட ஓர் இடம் விட்டுவைப்பதற்கு மாட் வேண்டியதில்லை. காலி இடத்தைக் காலியாக விடத் தெரிந்தால் போதும்.

கண்ணைப் பழக்க இன்னொரு இடம், மேக்ஸ்வெல் ரோட்டில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் சிங்கப்பூர் சிட்டி கேலரி. அனுமதி இலவசம். மத்திய வட்டாரம் அங்கே 400இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாக விரிந்து கிடக்கிறது. எல்லாரும் மேலிருந்து பார்த்துப் படமெடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் குனிந்து, கண் தெரு மட்டத்துக்கு வரும்படி பாருங்கள். கடைவீடுகளின் சிவப்புக் கூரைகள் கோபுரங்களுக்கு நடுவில் எவ்வளவு தாழ்வாக இருக்கின்றன என்று தெரியும். 1989இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்திராவிட்டால் இந்தத் தாழ்வில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்றும் யோசிக்கலாம். திரையிலும் இதே பழக்கம்தான். மேலிருந்து ஒரு முறை, பிறகு கேமராவை நடப்பவர் கண் உயரத்துக்கு இறக்கி ஒரு முறை.

பாராட்டும்போது முழு ஊரையும் பாராட்டாதீர்கள், ஒரு மூலையைச் சொல்லுங்கள். ‘கால்வாய் ஓரத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் அந்தத் தகரக் கூரைக் கடை யாருடையது?’ என்று கேட்டால் கட்டியவர் அரைப் பக்கம் பதில் எழுதுவார். பல சமயம் அந்தக் கடைக்கு முதலாளியும் அவருக்கு ஒரு குடும்பத் தகராறும் தயாராக இருக்கும். எந்தக் கட்டடத்தை யார் செய்தது என்ற பட்டியலையும் படியுங்கள். ஒரு நல்ல தெருவில் பத்துப் பேர் கை இருக்கும். தெருவிளக்கு ஒருவர், குப்பைத்தொட்டி ஒருவர், வேப்பமரம் ஒருவர். இவர்களில் யாருக்கும் பாராட்டு போய்ச் சேர்வதில்லை.

ஊரின் சேமித்த கோப்பையே பகிர்ந்திருந்தால் இறக்கிப் பாருங்கள், ஆனால் முதலில் அதற்குத் தேவையான மாட்களும் கட்டடங்களும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஏதாவது ஒன்று விடுபட்டாலும் அந்த இடம் வெறும் புல்தரையாகத் திறக்கும். விளையாட்டைப் புதுப்பித்தால் பழைய மாட்கள் முரண்டு பிடிக்கும். முதல் பாகத்தின் ஊரை இரண்டாம் பாகத்தில் திறக்கவே முடியாது. அங்கே மாட்கள் கிடைக்கும் இடமும் மாறிவிட்டது. எனவே ஓர் ஊர் பிடித்திருந்தால் அதன் படங்களையும், கட்டியவர் எழுதிய வரலாற்றையும் உங்கள் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுத்த அந்த முழு வரைபடத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.