எலும்பின் வயது

திருத்துறைப்பூண்டிக் களிமண் சம்பாவில் ஊறும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். உள்ளே கிடக்கும் எலும்பும் அந்தப் பாடெல்லாம் படும். அதனால்தான், பார்த்த மாத்திரத்தில் ஆண்டு சொல்லாத தடய மருத்துவரை மதிக்கிறேன். மண், ஈரம், வேர் எல்லாம் விசாரிப்பார். புதிய எலும்பு கனக்கும், கொழுப்புப் பிசுக்கு ஒட்டும். பழையது சுண்ணாம்புக்கட்டிபோல் உதிரும். பிறகுதான் எலும்பின் கார்பன்-14 சோதனை. 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐக் கூட்டிவிட்டன. பின்னால் வாழ்ந்தவர் எலும்பில் அந்தத் தடம் இருக்கும்.

இலங்கையின் மன்னாரில் 2018-ல் ஒரு புதைகுழியில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. உள்நாட்டுப் போரில் காணாமல்போன பிள்ளைகளோ என்று தாய்மார் தவித்தார்கள். ஆறு மாதிரிகளைக் கார்பன் முறையில் சோதித்த ஃபுளோரிடா ஆய்வகம் 2019-ல் சொன்ன காலம் 1404 முதல் 1635 வரை. ஆறு மாதிரி அத்தனை பேருக்கும் பேசிவிடாது. மீதியையும் சோதிக்க வேண்டும்.