பிரீதரை வீட்டிலேயே மாற்றலாமா?

பழைய கார் வாங்கப் போகிறவர் மெக்கானிக்கைக் கூடக் கூட்டிப் போனால், அவர் என்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுவார். புகை குபுகுபுவென்று வந்தால் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, என்ஜின் வேலை இருக்கு" என்று சொல்லி மூடியை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். பொன்னமராவதியானாலும் காரைக்குடியானாலும் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அதே புகைக்கு இப்போது இன்னொரு வைத்தியமும் நடக்கிறது. பி.சி.வி. வால்வையும் பிரீதர் குழாயையும் வரவழைத்து, வீட்டு வாசலிலேயே நாமே மாற்றிவிடுவது. முதல் தீர்ப்பு அவசரம் என்றால், இரண்டாவது வைத்தியமும் பல நேரம் அவசரம்தான்.

எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். புது என்ஜினிலும் இறங்கும். வெளியேற வழியில்லையென்றால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும். ஒரு காலத்தில் அந்தப் புகையைக் குழாய் வைத்துச் சாலையிலேயே விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆழமான தண்ணீரில் இறங்கும் டாங்கிகளுக்கு, திறந்த குழாய் வழியே நீர் புகாமலிருக்க மூடிய அமைப்பு தேவைப்பட்டது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டம் அதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களில் அது இடம்பிடித்தது. இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலே பிரீதர் குழாய் வழியாகப் புகையை இழுத்து மறுபடி எரிக்கிறது. எவ்வளவு இழுக்கலாம் என்பதை ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வு பார்த்துக்கொள்கிறது, அதுதான் பி.சி.வி. ஐட்லிங்கில் உறிஞ்சல் அதிகம், அப்போது வழி குறுகும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உறிஞ்சல் குறையும், வழி விரியும்.

வால்வு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும் எளிய பெட்ரோல் என்ஜின்களில் இந்த வேலைக்குப் பட்டறை தேவையில்லை. கம்பெனி சர்வீஸ் என்றால் பல வண்டிகளைப் பொன்னமராவதி போன்ற ஊரிலிருந்து புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ ஓட்டிப் போக வேண்டும். ஒரு நாள் போய்விடும். அமெரிக்காவில் இதை வீட்டில் செய்கிறவர்கள் மெக்கானிக் கூலிக்குப் பயந்து செய்கிறார்கள். நம் ஊரில் கூலி அவ்வளவு பெரிய விஷயமில்லை. இங்கே மிச்சமாவது நாளும் பெட்ரோல் செலவும்தான். அந்தக் கணக்கைப் பார்க்காமல் 'பணம் மிச்சம்' என்று சொல்வது இரவல் நியாயம்.

கைவேலையில் தவறு நடப்பது வால்வில் அல்ல, குழாயில். என்ஜின் சூட்டிலும் நம் வெயிலிலும் வருஷக்கணக்கில் வெந்த ரப்பர் அப்பளம் மாதிரி ஒடியும். கிளாம்பை நோஸ் பிளையரால் நெரித்துப் பின்னுக்குத் தள்ளி, குழாயை நேராக இழுக்காமல் முதலில் இருபுறமும் திருகி ஒட்டு விடவைக்க வேண்டும். ஒடிந்த துண்டு உள்ளே விழுந்தால் அரை மணி நேர வேலை அரை நாளாகும். அதைவிடப் பெரிய தப்பு, ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் குழாயை வெட்டி மாட்டுவது. சூடான ஆயில் ஆவியில் அது இளகும். உறிஞ்சலில் சப்பிப்போய் வழியையே அடைத்துவிடும்.

ஆனால் இந்தப் பழக்கத்தின் உண்மையான பலவீனம் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. வால்வைக் காதருகே ஆட்டி, கலகலத்தால் நல்லது என்று முடிவுகட்டுகிறார்கள். கலகலப்பு, உள்ளே முளை அசைகிறது என்று மட்டுமே சொல்லும். ஸ்பிரிங் தளர்ந்திருப்பதைச் சொல்லாது. ஐட்லிங்கில் வால்வைக் கழற்றி அதன் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சல் தெரிய வேண்டும். பிறகு வால்வை மாட்டிவிட்டு, ஆயில் மூடி இருந்த வாயில் ஒரு தாளை வைத்தால், பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் அது லேசாக ஒட்டிக்கொள்ளும். விரலில் உறிஞ்சல் இருந்தும் தாள் எகிறினால், வால்வு சமாளிக்க முடியாத அளவுக்குப் புகை இறங்குகிறது என்று அர்த்தம். ரிங் தேய்ந்த அந்த என்ஜினுக்குப் புது வால்வு எதுவும் செய்யாது. விரலில் உறிஞ்சலே இல்லையென்றால், 'என்ஜின் வேலை' என்று தீர்ப்பு வாங்கிய வண்டிக்கு வால்வோ குழாயோ மட்டுமே போதுமாயிருக்கலாம். வீட்டில் செய்கிறவருக்குப் பட்டறைக்காரரைவிட ஒரு வசதி உண்டு, நேரம். அதை இந்தச் சோதனைக்குச் செலவிடாதவர் வீட்டில் செய்து என்ன பயன்?

ஆயில் மூடிக்கு அடியில் வெண்மையான கூழ் இருந்தால் பிரீதர் அடைப்பு என்று குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குளிரில் நீராவி படிந்து அப்படி ஆவது அங்கே சகஜம். நம் சித்திரை வெயிலில் அதைக் கண்டால் நான் முதலில் ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிப்பேன். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்காமல் பிரீதரில் கை வைப்பது வீண்.

புது என்ஜின்கள் பலவற்றில் வால்வு தனியாக இல்லை. டேப்பெட் கவருக்குள்ளேயே ஒரு ரப்பர் டயாஃப்ரம். அது கிழிந்தால் விசில் சத்தம் வரும், ஆயில் மூடியைக் கழற்றவே வராது, பெரும்பாலும் கவரையே மாற்ற வேண்டும். வோல்வோவின் பழைய 5 சிலிண்டர் பெட்ரோல் என்ஜினில் பிரீதர் பெட்டி இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில்; மேனிஃபோல்டையே இறக்கினால்தான் கைபடும். டர்போ டீசலில் பிரீதர் ஆயில் டர்போ வழியாக இன்டர்கூலருக்குப் போகிறது. ஆயில் மிதமிஞ்சிப் போனால் சாவியை அணைத்தாலும் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடும். இவற்றை வாசலில் பிரிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இதற்கெல்லாம் பயந்து பலர் செய்யும் குறுக்குவழி, குழாயைப் பிடுங்கித் தரையைப் பார்க்கத் தொங்கவிடுவது. இன்டர்கூலர் சுத்தமாக இருக்கிறது என்று பெருமை வேறு. சாலைப் புழுதி உள்ளே போக அது ஒரு வாசல் என்பதை யாரும் பேசுவதில்லை. புது பெட்ரோல் மாடலுக்கு அனுமதி தரும்போது கிராங்க்கேஸ் புகை வெளியே போகவே கூடாது என்று சோதிக்கிறார்கள். மாசுச் சான்றிதழ் எடுக்கும்போதோ சைலன்சர் வாயை மட்டும் அளக்கிறார்கள். பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியும். பானெட்டுக்குக் கீழே குழாய் தொங்கும் வண்டியும் சான்றிதழோடு வெளியே வந்துவிடுகிறது.