கருப்பு யார் என்று சொன்ன பிறகு

பணம் குறைவாக இருக்கும்போது பயத்தைக் காட்ட ஒரே வழி, பார்க்கிறவர் ஏற்கெனவே பயப்படும் ஒன்றைத் தொடுவதுதான். கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் 1990களில் எடுத்த 'மர்ம தேசம்' தொலைக்காட்சித் தொடர் வரிசையில் இதை முழுதாக உணர்ந்த கதை 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்து, நாகாவின் இயக்கம். கருப்புசாமியைக் காட்ட ஒரு வெள்ளைக் குதிரையும் அரிவாளும் இருட்டும் போதுமாக இருந்தன. மீதி வேலையை நம் கிராமங்களில் வளர்ந்தவர்களின் மனமே பார்த்துக்கொண்டது. எல்லைச்சாமி இருக்கும் பக்கம் பொழுது சாய்ந்தபின் போகாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிராபிக்ஸ் எதற்கு?

இங்கிலாந்தில் இதே நெருக்கடியை வேறு வகையில் சமாளித்தார்கள். பி.பி.சி.யின் அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ'வுக்கு எழுதிய பலர், தாங்கள் உருவாக்கிய பாத்திரங்களின் உரிமையைத் தாங்களே வைத்திருந்தார்கள். தொடரின் நாயகனான டாக்டரைத் தொட முடியாத சிறு தயாரிப்பாளர்கள் அவர்களிடம் அனுமதி வாங்கிக் கிளைக்கதைகள் எடுத்து, வீடியோவாக விற்றார்கள். ரீல்டைம் பிக்சர்ஸ் 2004இல் வெளியிட்ட 'டீமோஸ் ரைசிங்' அப்படி ஒன்று. தனி வீடு, விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள், ஆவிகளின் நடமாட்டம். 1971இல் தாய்த்தொடரில் வந்த 'தி டீமன்ஸ்' கதையின் தொடர்ச்சி என்பதால், மூலத்தைப் பார்க்காதவர் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்கிய பயத்தின் பெரிய குறை இது. ஆனாலும் இந்தக் கிளைகளை அலட்சியமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. 1995இல் 'டவுன்டைம்' என்ற வீடியோவில் பிறந்து, 'டீமோஸ் ரைசிங்'கிலும் வந்த கேட் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் என்ற பாத்திரம், 2012இல் தாய்த்தொடருக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

நம் தொடருக்கும் அவர்கள் தொடருக்கும் ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. சாத்தான் என்று கிராமம் நம்பியதை வேற்றுக்கிரகத்து உயிர் என்றது 'தி டீமன்ஸ்'. கருப்பு என்று கிராமம் நம்பியதை ராஜேந்திரன் என்ற மனிதனின் பிளவுண்ட ஆளுமை என்றது 'விடாது கருப்பு'. அவனுடைய சிறுவயதும் நிகழ்காலமும் மாறி மாறி வருவதால், முடிவுக்கான தடயங்கள் முன்பே நம் கண்ணெதிரே வந்துவிடுகின்றன. செலவில்லாத உத்தி. நேர்மையானதும்கூட, யாரையும் ஏமாற்றவில்லை.

எனக்கு வருத்தம் அதற்கு அப்புறம்தான். காஞ்சிபுரம், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆடியில் கூழ் ஊற்றும்போது சாமி வந்து ஆடுகிறவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அவரே ஏர் ஓட்டுவார், கடையில் உட்கார்ந்து டீ குடிப்பார். பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவருக்கு ஆவேசம் ஏறினால், பக்கத்தில் இருப்பவர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். சாமி ஒரு மனித உடம்பில்தான் வரும் என்று ஊர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அப்படியிருக்க, 'கருப்பு ஒரு மனிதன்தான்' என்பது ஊரின் நம்பிக்கையைத் தகர்க்கும் செய்தியே அல்ல. தொடரோ அதைத் தகர்ப்பாகவே முன்வைக்கிறது. மருத்துவத்தின் சொல் வந்ததும் ஊரின் சொல்லுக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஒரு பூசாரியும் ஒரு மனநல மருத்துவரும் ராஜேந்திரனைப் பற்றிச் சமமாக உட்கார்ந்து பேசும் காட்சியை எழுதியிருக்கலாம். இரண்டு நாற்காலிகளுக்கு மேல் அதற்குச் செலவில்லை. அந்த மனிதனுடைய வலியும் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவன் அந்த ஊரின் பிள்ளை.

பின்னால் வந்தவர்கள் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2017இல் சன் டிவியில் வந்த 'நந்தினி' போன்ற தொடர்கள் கணினியில் வரைந்த பாம்புகளில் பணத்தைக் கொட்டின. பாம்பு தெளிவாகத் தெரிந்தது. அது எந்த ஊர்ப் புற்றிலிருந்து வந்தது, அந்தப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் யார் என்பது தெரியவில்லை.