திணையும் திரித்துவமும்: கிறித்தவக் கோட்பாட்டு மொழிபெயர்ப்பில் இயைபுச் சிக்கல்

1. முன்னுரை

தமிழில் கிறித்தவக் கோட்பாட்டுச் சொற்களைப் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை சொற்றேர்வையே மையமாகக் கொண்டவை. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இறைவனைத் தம்பிரான் என்றது. இராபர்ட் தெ நொபிலி (1577-1656) சருவேசுரன் என்ற சொல்லை நிலைபெறச் செய்தார். பப்ரீசியுசு பராபரன் என்றார். பவர் முதலியோர் திருத்தி 1871இல் நிறைவு செய்த பழைய திருப்புதல் தேவன் என்றது. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்றது. இம்மாற்றங்களை வடமொழிச் செல்வாக்கு, தனித்தமிழ் இயக்கம், சபைகளின் நோக்கு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி விளக்குவது வழக்கம்.

ஆயின், கோட்பாட்டைக் கேட்போர் எழுப்பும் ஐயங்கள் பல சொல்லால் மட்டும் எழுவன அல்ல. 'வார்த்தை எவ்வாறு ஒருவர் ஆகும்?', 'ஆவி என்பது ஆற்றலா, ஆளா?', 'மூவர் எனின் கடவுள் ஒருவர் ஆவது எங்ஙனம்?' என்னும் வினாக்கள் சொல்லோடு வரும் பயனிலையாலும் சுட்டுப்பெயராலும் எண்ணுப்பெயராலும் கூர்மை பெறுகின்றன. இக்கூறு போதிய கவனம் பெறவில்லை. மேற்கூறிய இரு மொழிபெயர்ப்புகளையும் இந்நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வார்த்தையும் 'அவர்'உம்

யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் 'லோகோஸ்' கிரேக்கத்தில் ஆண்பாற் பெயர். அதனைச் சுட்டும் பெயரும் ஆண்பாலில் வருவது இலக்கண இயைபே. அவ்வடிவம் சுட்டப்படுவது ஒருவரா ஒரு பொருளா என்பதைத் தன்னளவில் உணர்த்துவதில்லை. 'இருந்தது' எனப் பொருள்படும் வினையோ பால் காட்டுவதே இல்லை. ஆகவே கிரேக்க வாசகர் பொருளை நோக்கியே அத்தெளிவைப் பெறுகிறார். ஆங்கிலத்தில் இச்சிக்கல் முன்னரே தோன்றியது. திண்டேல் 1526ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் மூன்றாம் வசனத்தில் அஃறிணைச் சுட்டைப் பயன்படுத்தினார். 1611ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை ஆண்பாற் சுட்டாக மாற்றியது.

தமிழில் இத்தெரிவு இன்னும் இறுக்கமானது. தமிழ்த் திணை பொருள் பற்றியது, முற்றுவினையிலும் வெளிப்படுவது. எனவே, மூலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வினையிலும் சொல்லியே தீரவேண்டியவராகிறார்.

பழைய திருப்புதல் முதல் வசனத்தில் 'வார்த்தை' என்ற எழுவாய்க்கு 'இருந்தது' என அஃறிணை முடிபு தருகிறது. இரண்டாம் வசனமோ முன்னறிவிப்பின்றி 'அவர்' எனத் தொடங்குகிறது. அச்சுட்டுக்கு முன்னிற்கும் உயர்திணைப் பெயர் 'தேவன்' ஒன்றே. ஆகவே புதிய வாசகர் 'அவர்' என்பதனைத் தேவனுக்கு உரியதாகக் கொண்டு, தேவன் தேவனோடு இருந்தார் எனப் பொருள் கண்டு மயங்க இடமுண்டு. 'திருவிவிலியம்' முதல் வசனத்தில் 'வாக்கு' என்பதற்கு அஃறிணை முடிபே தரினும், இரண்டாம் வசனத்தில் 'வாக்கு என்னும் அவரே' என இரு திணைகளையும் ஒரு தொடரில் இணைத்துவிடுகிறது. இயைபு நோக்கில் இது தெளிவான முன்னேற்றமாகும்.

பதினான்காம் வசனத்தில் இரு மொழிபெயர்ப்புகளும் திணை வழுவை ஏற்கின்றன. பழையது வார்த்தைக்கு 'வாசம்பண்ணினார்' என்றும், புதியது வாக்குக்கு 'ஆனார்' என்றும் உயர்திணை முடிபு தருகின்றன. மனிதராதலைக் கூறும் இவ்விடத்தில் இதனை வழுவமைதியாகக் கொள்ளலாம். ஆனால் உயர்திணை இங்குதான் முதன்முதலாகத் தோன்றியிருப்பின், ஆளல்லாத ஒன்று பிறப்பின்போதே ஆளாயிற்று என்ற கருத்து விளைந்திருக்கும். மகன் காலத்துக்கு முற்பட்டவர். படைக்கப்பட்டவர் அல்லர் என்பது நிசேயா சங்கம் (325) வரையறுத்த கோட்பாடு. ஆகவே இரண்டாம் வசனத்தின் 'அவர்' நடையழகுக்காக வந்ததன்று. கோட்பாட்டின் சுமை முழுவதையும் அச்சுட்டே தாங்குகிறது. இவ்விடத்தில் பழைய திருப்புதலின் குறை பொருளில் இல்லை, தொடரிணைப்பில் உள்ளது. புதிய மொழிபெயர்ப்புக்கும் ஒரு குறை உண்டு. மூலத்தில் 'மாம்சம்' எனப் பொருள்படும் சொல் இருக்க, அது 'மனிதர்' என்று பெயர்ப்பதால் உயர்திணை இயைபு எளிதாகிறது. மூலச்சொல்லின் வன்மை மறைகிறது.

3. ஆவி, ஆவியானவர், ஆவியார்

தொடக்ககாலக் கத்தோலிக்க நூல்கள் போர்ச்சுக்கீசிய வழக்கைத் தழுவி 'இஸ்பிரித்து சாந்து' என்று எழுதின. பொருள் விளங்காக் கடன்சொல் எனினும், சிறப்புப்பெயர் போல் நின்றதால் அது உயர்திணை முடிபைத் தடையின்றி ஏற்றது. 'ஆவி' என்ற தமிழ்ச்சொல் வந்தபின் பொருள் விளங்கிற்று, இயைபு சிக்கலாயிற்று. நீராவி, உயிர், இறந்தோர் ஆவி என அச்சொல் உணர்த்தும் பொருள்கள் யாவும் அஃறிணை முடிபு கொள்வன.

இச்சிக்கலுக்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் ஒளி தருகிறது. காலம், உலகம், உயிர், உடம்பு முதலிய பத்துச் சொற்களைத் தொகுத்து, அவை உயர்திணைப் பொருளனவாயினும் பால் பிரிந்து இசையா என்று அது கூறுகிறது. அப்பட்டியலில் 'சொல்' என்பதும் இடம்பெறுவது இவ்வாய்வுக்குக் குறிப்பிடத்தக்கது. அச்சொற்கள் நின்றாங்கு நின்று உயர்திணை முடிபு கொள்ளா. வேறு வடிவில் வருமிடத்துக் கொள்ளும் என்பது அடுத்து வரும் விதிகளின் கருத்து. காலம் என்பது காலன் என்றும், உலகம் என்பது உலகர் என்றும் ஈறு திரியுமிடத்து உயர்திணை வினை இயல்பாக வருதல் காண்க. பழைய திருப்புதலின் 'ஆவியானவர்', திருவிவிலியத்தின் 'ஆவியார்' ஆகிய வடிவங்கள் இவ்விதிக்கு முற்றிலும் இயைந்தவை. அவற்றைச் சபைவழக்கின் செயற்கை ஆக்கங்கள் என ஒதுக்குதல் பொருந்தாது.

ஆயினும் இவ்வடிவங்களைக் கோட்பாட்டுச் சான்றாகக் காட்டுதல் தவறு. '-ஆர்' விகுதி மதிப்புப் பொருட்டும் வரும். கதைகளில் 'நரியார்' என்பதும் வழக்கே. இது போன்றே, 'நியூமா' கிரேக்கத்தில் அலிப்பால். அதற்கு யோவான் 14:26இல் ஆண்பாற் சுட்டு வருவது ஆவியின் ஆள்தன்மைக்கு இலக்கணச் சான்று என விளக்கநூல்கள் சில கூறுகின்றன. அச்சுட்டு அவ்வசனத்தின் எழுவாயாகிய 'பராக்ளேதோஸ்' என்னும் ஆண்பாற் பெயரோடு இயைவது. எனவே அச்சான்று வலுவற்றது. ஆவி கற்பிக்கிறார், நினைவூட்டுகிறார் என வரும் வினைகளின் பொருளே ஆள்தன்மையை உணர்த்துகிறது. மொழிபெயர்ப்பாளர் உயர்திணையைத் தேர்வதற்கும் அதுவே தக்க காரணமாகும்.

4. மூன்றும் ஒன்றும்

திரித்துவக் கோட்பாடு எண்ணை இரண்டு இடங்களில் வைக்கிறது: இறையியல்பு ஒன்று, ஆட்கள் மூன்று. இலத்தீனில் 'பெர்சோனா' என்ற சொல்லைத் தெர்த்துல்லியன் இப்பொருளில் வழங்கினார். கிரேக்கத்தில் 'ஹூப்போஸ்தாசிஸ்' நிலைபெற்றது. தமிழ் ஞானோபதேச மரபு 'ஆள்' என்றது. உலக வழக்கில் ஆள் என்பது தனித்தனி உடலுடையோரை எண்ணும் அலகு. 'மூன்று ஆள் வேலை' என்பவர் ஒருவரோடொருவர் தொடர்பற்ற மூவரையே கருதுகிறார். ஆகவே 'மூன்று கடவுளரா?' என்ற கேள்வி கேட்போரின் அறியாமையன்று. சொல் தரும் பொருளே அதுவாகும்.

இதனைத் தவிர்க்க எழுந்த 'ஆள்தத்துவம்' என்ற ஆக்கம் வேறொரு பிழைக்கு வழிகோலுகிறது. தத்துவம் என்பது இயல்பை, உள்ளியல்பைக் குறிப்பது. 'மூன்று ஆள்தத்துவங்கள்' எனும்போது, கோட்பாடு ஒன்று எனக் கூறும் இடத்திற்கே மூன்று என்ற எண் நகர்ந்துவிடுகிறது. கேட்போரின் ஐயத்தைத் தணிக்க வந்த சொல் கோட்பாட்டையே திரிக்கிறது. பழைய 'ஆள்' இவ்வகையில் குறைந்த தீங்குடையது.

'மூவொரு கடவுள்' என்ற தொடர் இவற்றினும் சிறந்தது. 'மூ', 'ஒரு' என்னும் பெயரடை வடிவங்கள் திணை காட்டுவன அல்ல. 'மூவர்', 'மூன்று' என்ற பிரிவுக்கு முற்பட்டு நிற்பன. 'கடவுள்' என்பதும் 'தேவன்' போலப் பாலும் எண்ணும் காட்டும் ஈறு பெற்றதன்று. 'திரியேக' என்ற வடமொழித் தொகையும் இவ்வாறே இயங்குகிறது. ஆனால் இத்தொடர் பெயராக நிற்குமளவும்தான் இந்நடுநிலை நிலைக்கும். அதனை விளக்கப் புகும் முதல் வாக்கியத்திலேயே 'மூவர்' என்றோ 'மூன்று' என்றோ கூற நேரிடுகிறது.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால், கோட்பாட்டுச் சொல்லை அதன் வடமொழி அல்லது தமிழ்ப் பிறப்புக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது என்பது புலனாகும். வார்த்தை, வாக்கு என்னும் இரண்டில் எதனைத் தேரினும் திணைச் சிக்கல் ஒன்றே. கலைச்சொல் அகராதிகள் சொல்லுக்கு நேர்ச்சொல் தருவதோடு, அச்சொல் ஏற்கும் முடிபு, சுட்டுப்பெயர், எண்ணுப்பெயர் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். கிரேக்கம் ஒரு வசனத்துக்கேனும் மௌனமாக இருக்கலாம். தமிழ் வினைமுற்றுக்கு அவ்வுரிமை இல்லை. அதனை உணர்ந்து செய்யும் தேர்வே மொழிபெயர்ப்பாகும்; உணராது செய்வது, மொழிபெயர்ப்பாளர் அறியாமலே எழுதிவிட்ட உரையாகும்.